ஸ்டெல்லா வீட்டுத் தக்காளிச் செடிகள்

சம்பந்தி,

இன்று காலை கம்பெனி கேட்டைத் தாண்டியதுமே இலை எரிகிற புகை மூக்கில் ஏறியது. வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால், உங்கள் உரக்குழிக்குப் பத்தடி தள்ளி, வாகை இலையைக் குவித்துக் கொளுத்திவிட்டு செக்யூரிட்டி ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இலை ஈரமாம், பற்றமாட்டேன் என்கிறதாம், என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். நான் இருமிக்கொண்டே தண்ணீர் வாளியைத் தேடினேன். தேடும்போது எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை. உங்கள்மேல்தான்.

இறந்துபோனவர்மேல் எரிந்து விழக்கூடாதுதான். ஆனால் நீங்கள் இருந்தபோது எரிந்து விழ எனக்கு எங்கே வழி இருந்தது? பெண்ணைக் கொடுத்தவன் நான். நீங்கள் மாப்பிள்ளையின் அப்பா. எது சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஆகட்டும் சம்பந்தி’ என்றுதான் சொல்லமுடிந்தது.

கல்யாண மண்டபத்திலேயே நான் உஷாராகியிருக்கவேண்டும். எல்லாம் முடிந்து ஆட்கள் வாசலில் கட்டிய வாழைமரத்தைக் குப்பை வண்டியில் ஏற்றப் போனால், பட்டு வேட்டியோடு நீங்கள் வண்டிக்குக் குறுக்கே நிற்கிறீர்கள். “நல்லா மக்குற சரக்கு சம்பந்தி, இத்த போய் குப்பைல போடுவாங்களா?” என்று என் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டீர்கள். கடைசியில் அந்த இரண்டு வாழைமரமும் என் மகளின் சீர் சாமான்களோடு ஒரே டெம்போவில் சோழவரத்துக்கு உங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பீரோ கண்ணாடியெல்லாம் வாழைப்பால் கறை.

அப்புறம் இருவரும் ஓய்வு பெற்றோம். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் நீங்கள் முப்பது வருஷம் பாய்லர் ஆபரேட்டர். நான் வேறொரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். சும்மா உட்கார்ந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நம் பிள்ளைகள்தான் தோட்ட வேலை எடுத்துச் செய்யச் சொன்னார்கள். ஒரு கம்பெனியின் புல்வெளியும் மரங்களும் நமக்குக் கிடைத்தன. ஆறு பெண்களை வேலைக்கு வைத்தோம். கூட்டிய இலையையும் வெட்டிய புல்லையும் மக்க வைக்க, மதில் ஓரமாக ஒரு துண்டு இடத்தை நீங்கள் கெஞ்சி வாங்கினீர்கள். எழுத்து வேலை எனக்கு, மற்றதெல்லாம் உங்களுக்கு.

அந்த மற்றதெல்லாம் இருக்கிறதே, அதுதான் என் உயிரை வாங்கியது. ஒரு சுள்ளியை வெளியே போட விடமாட்டீர்கள். வெட்டிய கிளை அவரைப் பந்தலுக்கு, தென்னை ஓலை ஈர்க்கு விளக்குமாற்றுக்கு, உதிர்ந்த இலை குழிக்கு. முதல் முதலாக எரு மூட்டையைக் கேட்டுக்கு வெளியே எடுத்துப் போனபோது, கேட் பாஸில் இது திரும்பி வரும் பொருளா, வராத பொருளா என்று செக்யூரிட்டி கேட்டார். ‘எருவா போவும், கத்திரிக்காயா வரும்னு எழுதிக்கோப்பா’ என்றீர்கள். உங்கள் நகைச்சுவைக்கு அன்று வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன்.

பாய்லர்காரர் புத்தி வேறு உங்களை விடவில்லை. குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் சொருகி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து உருவிக் கையால் பிடித்துப் பார்ப்பீர்கள். கை பொறுக்காமல் சுட்டால்தான் உங்கள் முகத்தில் சிரிப்பு வரும். சுடவில்லையென்றால் “இன்னும் வேகல சம்பந்தி” என்பீர்கள். அப்புறம் மறுபடி கிளறு, மறுபடி மூடு. ஆயுத பூசை மறுநாள் கம்பெனி முழுக்கக் கிடந்த மாலைகளை அள்ளி வந்து, ஒவ்வொன்றிலும் நூலை உருவிவிட்டுப் பூவைத் தனியே போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். நூல் மக்காதாம். பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்த, பொன்னேரிப் பக்கத்து ஆரணிக்காரி ஸ்டெல்லா, இந்த நூலையெல்லாம் முடிச்சுப் போட்டால் எங்கள் ஆரணி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகலாம் என்று முணுமுணுத்தாள். நீங்கள் காதிலேயே வாங்கவில்லை. பசியில் எனக்குக் கண் இருட்டியது.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவர், என்னைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்களே. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

தடாவில் உங்கள் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனீர்களே, அந்த வாரம். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள், புல்வெளியில் ஒரு களை கண்ணில் படக்கூடாது என்று அட்மின் ஆபீசர் சொல்லிவிட்டார். கையால் கொத்தித்தான் எடுக்கவேண்டும், மருந்து கூடாது என்பது உங்கள் சட்டம். கொத்தினால் பத்து நாள் ஆகும். எனக்கு இருந்தது ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் நானே களைக்கொல்லி வாங்கி வந்து அடித்தேன்.

நான் ஸ்டோர் கிளார்க், சம்பந்தி. லேபிள் படிக்காமல் எந்தப் பொருளையும் கையால் தொட்டதில்லை. அதிலும் படித்தேன். மருந்து அடித்த புல்லை வெட்டி எருவுக்குப் போடக்கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் படித்தேன். பிறகு, உங்கள் குவியல்தான் கையைச் சுடுகிற சூட்டில் வேகிறதே, அதில் எந்த விஷம் தங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்டிய புல் வழக்கம்போலக் குழிக்குப் போனது.

நீங்கள் திரும்பி வந்து புல்வெளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். “ஒரு களை இல்லியே. ஒக்காந்து கொத்துனீங்களா சம்பந்தி?” என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அதோடு முடிந்தது.

அந்தக் குவியல் உங்கள் கணக்குப்படி நன்றாகவே வெந்தது. முதல் மூட்டைகளை ஸ்டெல்லாவுக்குக் கொடுத்தீர்கள். சின்ன மகள் காலேஜ் சேர்கிற வருஷம் என்று அவள் வீட்டுக்குப் பின்னால் வழக்கத்தைவிட அதிகமாகத் தக்காளி போட்டிருந்தாள். மூன்று வாரத்தில் செடியெல்லாம் முறுக்கிக்கொண்டது. இலை நாராகச் சுருங்கியது. ஒன்றுகூடக் காய்க்கவில்லை. வேரோடு ஒரு செடியைப் பிடுங்கி எடுத்து வந்து உங்கள் காலடியில் போட்டாள். “இன்னா போட்டு குடுத்தீங்க பெரியவரே?” என்றாள். நீங்கள் அந்தச் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவதை நிறுத்தவே இல்லை.

மிச்சமிருந்த அந்த எரு முழுவதையும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தீர்கள். அதன்பிறகு டீ குடிக்க உட்கார்ந்தாலே அதே கேள்வி. “நம்ம எங்க தப்பு பண்ணோம் சம்பந்தி?” தாங்கமுடியாமல் ஒருநாள், தண்ணீர் அதிகமாகியிருக்கும் என்று சொல்லிவைத்தேன். நீங்கள் அதை அப்படியே நம்பினீர்கள். மழை படாமலிருக்கக் குழிமேல் தகரம் போட்டீர்கள். அந்தத் தகரத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தவன் நான். பூமாலையில் நூல் தேடத் தெரிந்த மனுஷன், என் முகத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கக்கூடாதா? நீதானே ஏதோ செய்தாய் என்று சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடாதா? சம்பந்தி என்ற மரியாதை உங்களையும்தான் கட்டிப்போட்டதோ என்னவோ.

நெஞ்சுவலி என்று உங்களைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக மகள் போன் செய்தாள். நான் பொன்னேரியிலிருந்து வந்து சேருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு வரவேண்டிய தைரியம் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

நீங்கள் போன பிறகு நான்கு மாதமாக ஒரு மூட்டை எரு நகரவில்லை. நீங்கள் கடைசியாகக் கிளறிய குவியல் அது, ஒரு சொட்டு மருந்து படாதது, சலித்து மூட்டை கட்டி அடுக்கியிருக்கிறது. பெரியவர் எரு பட்டால் செடி முறுக்கிக்கொள்ளும் என்று ஆரணியிலிருந்து இங்கே வரைக்கும் பேச்சு. நம் பெண்களே தொடமாட்டேன் என்கிறார்கள். இன்று புகையை அணைத்துவிட்டு ஆபீசரிடம் போய் ஏன் கொளுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் உட்காரச் சொன்னார். யாருக்கும் வேண்டாத குப்பைக்கு இடம் எதற்கு, மாதக் கடைசியில் மூடிவிட்டு டூவீலர் ஸ்டாண்டாக்கப் போகிறோம் என்றார். உங்களிடம் வேலை செய்கிற பெண்களாவது எடுத்துக்கொண்டால் இடம் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன என்றார். அதோடு விட்டிருக்கலாம். “பாவம் அந்தப் பெரியவர். ஆர்வம் இருந்துச்சு, விஷயம்தான் தெரியல” என்றார்.

விஷயம் தெரியாதவராம் நீங்கள். அதற்கும் நான் ‘ஆமாம் சார்’ என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பழக்கம் அப்படி.

வெளியே வந்தால் புங்கமரத்தடியில் ஆறு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவை மட்டும் தனியே கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டால் வாய் வராது என்று தோன்றியது. எல்லார் முன்னாலும் நின்றபடியே சொன்னேன். “உன் தக்காளிய கெடுத்தது அவரில்லம்மா. மருந்து அடிச்சது நான். அவருக்குத் தெரியாது.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு செடிய கொண்ணாந்து போட்டேனே, அப்பவே தெரியுமா உனக்கு?”

என்னை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. தெரியும் என்றேன்.

அதற்கு அவள் சொன்னாள். “அவரு மூணு தபா எங்க ஊட்டுக்கு வந்தாரு. நாத்து எட்த்துக்கினு, சோழவரத்துலேர்ந்து அந்த ஓட்ட மொபட்ட ஓட்டிக்கினு. மூணு தபாவும் வாசல்லயே நிக்க வெச்சேன். கடசி தபா நல்ல வெயிலு, கொஞ்சம் தண்ணி குடும்மான்னாரு. நான் உள்ள போயி கதவ சாத்திக்கினேன்.”

எனக்கு இது தெரியாது, சம்பந்தி. ரேஷன் கடைக்குப் போகிறேன், கரண்ட் ஆபீஸுக்குப் போகிறேன் என்று மத்தியானம் மத்தியானமாக நீங்கள் கிளம்பிப் போனது இதற்குத்தானா? போகிற இடத்தைச் சொல்லியிருந்தால், அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கவிட்டிருப்பேனா? விட்டிருப்பேன். அப்போதும் கேட் பாஸ் எழுதிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இந்த எருவில் மருந்து இல்லையே என்று இரண்டு தடவை கேட்டாள். முதலில் இரண்டு செடிக்குப் போட்டுப் பார்ப்பேன், சரியாக இருந்தால் மற்றவர்களும் எடுத்துக்கொள்வார்கள் என்றாள். ஒரு மூட்டையைத் தூக்கிவிட நான் குனிந்தேன். “நீங்க தொடாதீங்க” என்றாள். மரியாதை திரும்பி வந்துவிட்டது, ஆனால் அது பழைய மரியாதை இல்லை. அவளும் இன்னொருத்தியுமாகத் தூக்கிப் போனார்கள்.

போகும்போது திரும்பி, இதெல்லாம் அவர் மகனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். நான் மிச்ச மூட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்.

தெரியாது. உங்கள் மகன் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் தெரியுமா? அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கவனம் குறைந்துவிட்டது, அதனால்தான் அந்தப் பொம்பளையின் செடியெல்லாம் போயிற்று என்று, துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே சொன்னார். நான் மின்விசிறியைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் சாப்பிட வருகிறார்கள். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது, அதற்குப் பிறகு என் மகள் அந்த வீட்டில் எப்படி இருப்பாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன். இலை போடுவதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும். சாப்பிட்டு முடித்துவிட்டால், அவர் தூங்கட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிடுவேன். நீங்கள் என்னை நல்லவன் என்று நம்பிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு என்னைத் தெரியும், சம்பந்தி.