பத்துக்கு நான்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, கொண்டுவந்து தரும் பஸ் டிரைவர் மாமாவிடம்கூட. வழக்கமாக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், இங்கே எல்லாரும் சுகம், நீ சுகமா என்று. இன்று அம்மாவுக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன், அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நீயாவது சுகமாயிரு.

அம்மாவுக்கு வலது பக்க வயிற்றில் சில நாளாக வலி. முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பத்துக்கு எவ்வளவு வலி என்று நர்ஸ் கேட்டாள். அம்மா பத்து என்றாள், நான் அவர்கள் மொழியில் சொன்னேன். இந்த நிறத்து ஆளுங்களுக்கு எல்லாமே பத்துதான், கால் இடறினாலும் பத்து என்று நர்ஸ் பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் புரியும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை, அம்மாவுக்காக அவளிடம் பேசிக்கொண்டிருந்ததே நான்தான். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நேற்று மறுபடி போனோம். வரிசையில் நிற்கும்போதே அம்மா, பத்துன்னா நம்ப மாட்டாங்கடி, நாலுன்னு சொல்லு, அடக்கமா சொன்னாத்தான் மதிப்பாங்க என்றாள். நானும் நான்கு என்றேன், அம்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாலுதானே, இதுக்கா வந்தீங்க, நிஜமா வலிக்கிறவங்க வெளியே காத்திருக்காங்க என்றார். பத்து என்றால் பொய், நான்கு என்றால் வீண். நடுவில் எந்த எண்ணைச் சொன்னால் நம்புவார்கள், நீதான் கணக்கில் புலியாயிற்றே.

இன்று பள்ளியில், நேற்று ஏன் வரவில்லை என்று டீச்சர் எழுப்பி நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்காகப் பேசப் போனேன் என்றேன். உனக்கே பேச வரலன்னுதானே இந்த வகுப்புல போட்டிருக்கு, நீ யாருக்குப் பேசினே என்றார். மொழி வராதவர்கள் வகுப்பாம். அதில் எல்லாரும் நம் நிறம்தான், இங்கேயே பிறந்தவள்கூட இருக்கிறாள்.

அப்பா அதே ஆஸ்பத்திரியில்தானே இரவில் தரை துடைக்கிறார். வாயைத் திறந்தா வேலை போயிடும், பையனுக்குப் பரீட்சை நேரம், அவன் காதுக்குப் போகக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். போனையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலத்திலிருந்து அம்மாவுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரர் தடியால் இடிப்பார் என்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். தாங்க முடியாவிட்டால் கூப்பிட வேண்டாம், கதவைத் தட்டும்மா, பத்துன்னு புரிஞ்சுக்கறேன் என்று சொல்லிவிட்டு, படிப்பதுபோலச் சமையலறையைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் இது உன்னிடம் வந்துவிடும். நீ வர வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போன் செய், போதும். நீ அவர்களைப் போலவே பேசுவாய், போனில் உன் நிறம் தெரியாது. அம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. என் வீட்டில் வேலை செய்கிற அம்மாள் என்று சொல், உடனே ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள்.

அம்மா கடைசியில் சொல்வதையும் நானே எழுதிவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, கண் விழித்துப் படிக்காதே, நூறு வயது நன்றாயிரு. படித்ததும் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்

கதவைத் தட்டுகிறாள் அண்ணா