பைப்பில் போடாத இரண்டு வளைவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம்தான், அங்கே உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் என் நினைப்பு. இது நான்காவது தாள், மூன்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், அவள் வீட்டுக்குள்ளேயே நடந்து என் பொருள்களை இடம் மாற்றி வைக்கிறாள். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, நாளைக்கு ஆள் வருகிறான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயம் என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். அதை ஏன் கேட்கிறாய் போ. நான் பாட்டுக் கேட்கும் அறையை எப்படி அடைத்து வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், ஜன்னலுக்குப் பலகை, கதவு ஓரமெல்லாம் ரப்பர், சுவர் முழுக்கக் கெட்டித் திரை. முப்பத்திரண்டு வருஷம் ஆலையில் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்றவனுக்கு ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஆசை, அவ்வளவுதான். ஆனால் ஆம்ப்ளிஃபையர் சூட்டில் அரை மணிக்குள் சட்டை நனைந்து தலை கனத்துப் போகிறது. இது என்ன ரூமா அடுப்பா என்று கேட்டுவிட்டு உன் அம்மா உள்ளே வருவதையே நிறுத்திவிட்டாள். முதலில் வாங்கிய ஃபேன் கடையில் பூனை மாதிரி இருந்தது. கடை மெயின் ரோட்டில் இருக்கிறதே, லாரிச் சத்தத்தில் எதுதான் கேட்கும் என்று எனக்கு உறைக்கவில்லை, வீட்டில் மாட்டினால் தறிக்கூடமே திரும்பி வந்துவிட்டது. மாற்றி வாங்கியதில் இரைச்சல் இல்லை, ஆனால் மெல்லிசாக ஒரு ரீங்காரம், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அது வந்து நின்றது. மூன்றாம் முறை போனபோது கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, எல்லாரும் காத்து எவ்வளவு இழுக்கும்னு கேப்பாங்க, நீங்க ஒருத்தர்தான் சார் காதை வெச்சுப் பாக்கறீங்க என்று சிரித்தார். கடைசியில் நீ சொன்னபடிதான் நடந்தது. பெரிதாக ஒன்றை வாங்கி, அறைக்கு வெளியே பரணில் ரப்பர் மேல் உட்காரவைத்து, மெதுவாக ஓடவிட்டு, பின்பக்கம் துணி காயப்போடும் இடம்வரை பைப் போட்டாயிற்று. ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு சத்தமில்லை. ஒன்றில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. பைப்பில் இரண்டு வளைவு வைங்கப்பா, உள்ளே பஞ்சு ஒட்டுங்க, இல்லேன்னா வெளிச் சத்தமெல்லாம் பைப் வழியா உள்ளே வரும் என்று படித்துப் படித்துச் சொன்னாய், பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் போடுவதுதான் உன் வேலையே. ஆனால் நம் நெட்டை எலக்ட்ரீஷியன் நேராப் போட்டா காத்து நல்லாப் போகும் சார் என்றார், நானும் மெஷினோடு வாழ்ந்தவன் எனக்குத் தெரியாதா என்ற மிதப்பில் தலையாட்டிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டும் போடவில்லை, ஃபேனும் போடவில்லை. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் பைப் வழியாக உன் அம்மா குரல் வந்தது. எனக்குக் கேட்கக் கூடாது என்று போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறாள், பாவம், எனக்கு நேராகவே போய் நின்றிருக்கிறாள். நாலு மாசமாச்சு, இன்னும் எத்தனை நாள்டி அந்த ஒத்தை ரூம்லயே தனியா இருப்பே, அவரு ஒரு தடவைகூடவா வந்து பாக்கல என்று கேட்டாள். அப்புறம், அப்பாகிட்ட இப்பச் சொல்ல வேணாம், அவர் பாட்டைக் கேட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கார், இருக்கட்டும் விடு என்றாள். நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும், போகவில்லை. ஸ்விட்சில் கையை வைத்தேன், போட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை, சத்தமே வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்கின ஃபேன்.

முதல் தாளில் பழக்க தோஷத்தில் நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று ஆரம்பித்துவிட்டேன், அடுத்த இரண்டிலும் கை அதையேதான் எழுதியது. இந்த நாலு மாசமும் நீ சொன்னபடி உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதிய கடிதத்துக்குக் கடிதம் அவருக்கு இருமல் நின்றதா என்று விசாரித்திருக்கிறேன், அதையெல்லாம் நீ தனியாக உட்கார்ந்து படித்திருப்பாய். அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் ஒரு பாட்டை முழுசாகக் கேட்க முடியவில்லை. போடுகிறேன், எழுந்துவிடுகிறேன், வாசல்வரை போய்த் திரும்புகிறேன். ஃபேன் சரியில்லையா என்று உன் அம்மா கேட்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது என்கிறேன். முதல் நாள் உன்மேல் கோபம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பிறகு யோசித்தேன். நீ போனில் கூப்பிட்டால் சாப்டியா, உடம்பு எப்படி இருக்கு, இந்தா அம்மாகிட்ட குடுக்கிறேன், இதற்குமேல் நான் என்றைக்கு உன்னோடு பேசினேன்? பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு அறையையே அடைத்து வைத்தேன், நீ பேசுவதைக் கேட்க இரண்டு நிமிஷம் நின்றதில்லை. இது என் தப்பு மகளே, உன்னுடையது இல்லை.

எனக்குத் தெரியும் என்று உன் அம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே, நேரம் பார்த்து நானே சொல்கிறேன். வியாழக்கிழமை நெட்டையர் வந்து பைப்பில் இரண்டு வளைவும் வைக்கிறார், பஞ்சும் ஒட்டுகிறார். அவளும் யாருக்கும் கேட்காமல் மகளோடு பேச ஒரு இடம் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான்தான் எடுப்பேன், யாரிடமும் கொடுக்க மாட்டேன். என்ன நடந்தது, யார் தப்பு என்று ஒரு கேள்வி கேட்க மாட்டேன். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல், இல்லாவிட்டால் சும்மா இரு, நானும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராது, தைரியமாக இரு, நாங்கள் இரண்டு பேரும் உன் பக்கம்தான். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காமல் உடனே எழுது, அந்த ஒற்றை அறைக்கு ஜன்னல் இருக்கிறதா, அது திறக்கிறதா, உனக்குக் காற்று வருகிறதா?

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா