மர்டோவின் ஆடுகள் போட்ட ஓட்டு

பால்னக்ரா,
மே 24

அன்பு மகள் ஊனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் குறையில்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தவிர, அதையும் இந்த வாரம் நான் கண்டுகொள்ளவில்லை. அங்கே உலகத்தின் தென்கோடியில் டனீடினில் குளிர் தொடங்கியிருக்கும், போன மாதத்து இருமல் உன்னை விட்டிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாதியை முந்திச் சொல்லி மீதியைத் திருத்தியும் சொல்வாள், அதனால் இந்த ஒரு விஷயத்தை என் கையால் எழுதுவது என்று முடிவு செய்தேன். முதலில் செய்தி: காடு பிழைத்துவிட்டது. வேலி நிற்கும். நான் ஜெயித்தேன்.

ஓடைக்கு அப்பால் பாறைச் சரிவில் இருக்கிற நம் ஆஸ்பென் மரக் காட்டைத்தான் சொல்கிறேன். காடு என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான், ஒரு சுற்று சுற்றிவரத் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது. ஆனால் யாரும் நடாமல் தானாக வந்த காடு, நம் ஊருக்கு முந்தியது. அபசகுன மரம் என்று முன்னோர்கள் கலப்பைப் பிடிக்கோ படகுத் துடுப்புக்கோ அதை வெட்டமாட்டார்கள், மலையில் மற்ற மரமெல்லாம் போன பிறகும் அது நின்றதற்கு அந்தப் பயம்தான் காரணம். நீ விமானம் ஏறிய வருடம் மர்டோ அதைக் கருக்கினானே, அது உனக்கு நினைவிருக்கும். ஆடுகளுக்கு இளம்புல் வரட்டும் என்று ஏப்ரலில் ஹெதர் புதருக்குத் தீ வைப்பது எல்லோரும் செய்வதுதான், ஆனால் கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் எவனும் வைக்கமாட்டான். நான் வேலியோரம் நின்று வேண்டாம் என்று கத்தினேன். அவன் வைத்தான். அன்று மாலைக்குள் கிழட்டு மரங்கள் அத்தனையும் கரி. அதற்குப் பிறகு நான் மறுபடி கம்பம் நட்டு வலைக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியாக டிராக்டரில் வந்தவன் நிறுத்தி, பேராசிரியரே, கரிக்கு வேலி போடறீங்களா, ஆடு தின்னுடும்னு பயமா என்று கேட்டான். அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், நான் அபர்டீனுக்குப் படிக்கப் போனதிலிருந்து அவனுக்கு நான் பேராசிரியர். எனக்குத் தலைமையாசிரியர் பதவி கிடைக்காத வருடம் அந்தப் பெயரைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னான். நான் மறக்கிற ஆள் இல்லை. என் அப்பாவின் படகை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்ற உன் சித்தப்பாவையும் மறக்கவில்லை, அது வேறு கதை.

இந்த வசந்தத்தோடு வேலிக்கு ஊர் கொடுத்த அனுமதி முடிந்தது. பொது மேய்ச்சல் நிலம், பங்குள்ளவர்கள் எல்லோரும் கைதூக்கினால்தான் நீட்டிக்க முடியும். மேய்ச்சல் குழுவுக்கு இப்போது செயலாளர் யார் தெரியுமா, மர்டோவேதான். வேலியைப் பிரித்து ஆடுகளை உள்ளே விடலாம் என்று கூட்டத்தில் அவன்தான் பேச்சை எடுத்தான். விட்டால் ஒரே குளிர்காலத்தில் ஒரு மரக்கன்றுகூட மிஞ்சாது, ஆஸ்பென் தளிர் என்றால் ஆட்டுக்கு மிட்டாய். நான் எழுந்து, பார்க்காமல் ஓட்டுப் போடாதீர்கள், எல்லோரும் ஒரு தடவை வாருங்கள் என்று கேட்டேன். அங்க பார்க்க என்ன இருக்கு, நாலு குச்சி என்றான் மர்டோ. நல்லவேளை பெக்கி இருந்தாள், மேல்வீட்டு விதவை, எண்பதைத் தாண்டியும் தன் ஆடுகளைத் தானே பார்க்கிறவள். பார்த்தா கண்ணு தேஞ்சா போயிடும், சனிக்கிழமை நான் வர்றேன் என்றாள். அவள் வந்தால் மற்றவர்கள் வராமல் இருக்க முடியுமா.

நான் ஒரு வாரமாகத் தயார் செய்தேன். சனிக்கிழமை எல்லோரும் வந்ததும், ஆஸ்பென் பட்டையில் மட்டும் வளரும் பாசி, செத்த பட்டைக்கு அடியில் மட்டும் வாழும் ஒரு ஈ, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். காடு அன்றைக்கு என் பக்கம் இருந்தது ஊனா. இரண்டு ஆள் உயரத்துக்கு இளமரங்கள் தோளோடு தோள் நெருக்கி நிற்கின்றன, செம்பு நிறத்தில் இலை விரிந்திருக்கிறது, காற்று இல்லாதபோதும் நடுங்குகிறது, கீழே மஞ்சள் பிரிம்ரோஸ் பூக்கள். ஆனால் அவர்கள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஈயைப் பற்றிச் சொல்லும்போது ஒருவன் கடிகாரம் பார்த்தான். மர்டோ ஒவ்வொரு கம்பமாக உதைத்துப் பார்த்து, இதுவும் உளுத்துப்போச்சு, இதுவும் உளுத்துப்போச்சு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். தோற்கப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் வடக்கிலிருந்து கல்மழை வந்தது, மே மாதத்தில், முகத்தில் சரளை வாரி அடித்ததுபோல. பேச்சை விட்டுவிட்டு எல்லோரும் மரங்களுக்குள் ஓடினோம்.

உள்ளே காற்றே இல்லை. மேலே ஊளை கேட்கிறது, கீழே பெக்கியின் முக்காடுகூட அசையவில்லை. அவள் அதை மெல்ல அவிழ்த்துவிட்டு, தெற்குப் பக்க வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்களும் பார்த்தோம். வேலிக்கு வெளியே, காட்டின் மறைவில், தாயும் குட்டியுமாக ஆடுகள் ஒட்டிப் படுத்திருந்தன, ஒன்றின்மேலும் ஒரு கல் விழவில்லை. அவ்வளவு பெரிய மலையில் அவை தேடிவந்த இடம் அது. எல்லாவற்றின் முதுகிலும் நீலச் சாயம். நீலம் யாருடைய அடையாளம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“மர்டோ, உன் ஆடுங்க உனக்கு முன்னாடியே ஓட்டுப் போட்டுடுச்சுப்பா” என்றாள் பெக்கி.

அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். போன ஏப்ரல் பனியில் குட்டிகளைப் பறிகொடுக்காத வீடு நம் ஊரில் இல்லை, அதனால் அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. என் பாசியும் ஈயும் செய்யாததை அவன் ஆடுகள் செய்தன. கல்மழை விடுவதற்குள் அங்கேயே கைதூக்கினார்கள். கடைசியில் மர்டோவும் தூக்கினான், காதைச் சொறிவதுபோல. தூக்கிவிட்டு அவன் சொன்னதைக் கேள், நான் தீ வெச்சதாலதானே வேருலேர்ந்து இவ்வளவு வெடிச்சு வந்திருக்கு, இல்லேன்னா இன்னும் அந்த நாலு கிழட்டு மரம்தான் நின்னுட்டிருக்கும் என்று. அது உண்மை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மேலே கருகினால் ஆஸ்பென் வேரிலிருந்து நூறாகக் கிளம்பும், படித்தவன் நான், மறுக்க முடியவில்லை. ஆனால் கிளம்பியதை ஆடு தின்னாமல் காத்தது எந்த வேலி என்று கேட்டேன்.

அப்படியானால் ரெண்டு பேருமே சேர்ந்து வேலியைச் சரிபண்ணுங்க என்று பெக்கி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை அவன் புதுக் கம்பங்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். காலையெல்லாம் நான் பிடிக்க அவன் அடித்தான். மத்தியானம் தன் ஓட்ஸ் ரொட்டியில் பாதியை நீட்டி, என்னைப் பார்க்காமல், “அன்னிக்குக் காத்து அப்படித் திரும்பும்னு நான் நெனைக்கல” என்றான். பன்னிரண்டு வருடம் கழித்து. நான் ரொட்டியை வாங்கிக்கொண்டேன். கம்பியை இழு என்றேன்.

நீ எழுதியிருந்தாயே, உன் அறிக்கையில் மேலதிகாரி தன் பெயரைப் போட்டுக்கொண்டான் என்று, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. எழுதிவிட்டேன். என் யோசனை வேறு. வைத்துக்கொள், ஆனால் கத்தாதே, உன் வேலையைச் சுற்றி வேலியைப் போட்டுவிட்டுக் காத்திரு, ஒரு நாள் அவன் ஆடே வந்து உன் பக்கம் படுக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. காரை அந்தத் தோழிக்குக் கொடுக்காதே. கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள் அம்மா, தபாலில் வரும், அளவு சரியா என்று எழுது. கடவுள் உன் கூரையையும் அடுப்பையும் காக்கட்டும், நீ நினைத்தது கைகூடட்டும். அடுத்த மே மாதம் லீவு போட்டு வா, இலை செம்பு நிறமாக இருக்கும்போதே வா.

வரும்போது தெற்கு மூலைக் கம்பத்தைக் காட்டுகிறேன். அது மர்டோ அடித்தது, கோணலாக நிற்கிறது. ஊரே பார்க்கிறது, நிமிர்த்திவிடுங்கள் என்கிறாள் அம்மா. அதனால்தான் நிமிர்த்தவில்லை.

உன் அன்பு அப்பா,
அலஸ்டர்