பின் சில்லின் சூடு

மச்சான்,

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். கருகிய பிரேக் மணம் மூக்கில் ஏறியது. உடனே மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி இறங்கி, பின் சில்லைத் தொட்டுப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, அது லொறி மணம்பா" என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

இந்தப் பயம் வந்த கதையை உன்னிடம் சொல்லவேண்டும். நீ போய் ஒரு மாதத்தில் என் வண்டியின் பின் கியர்ப் பெட்டி சூடாகத் தொடங்கியது. நம் இரண்டு பேரின் வண்டியும் ஒரே வகை, சங்கிலி கிடையாது. ஒரு தண்டுதான் அந்தப் பெட்டி வழியாகப் பின் சில்லைச் சுழற்றுகிறது. ஹந்தானை ஏற்றம் முடிந்ததும் நீ கடையில் ப்ளேன்டீ வாங்கி, முதல் துளியை அந்தப் பெட்டியின் மேல்தான் தெளிப்பாய். சீறாவிட்டால்தான் மிச்சத்தைக் குடிப்பாய். நானும் தெளித்தேன். சீறியது.

எண்ணெய் குறைந்திருக்கும் என்று நினைத்து வாய் வரை ஊற்றினேன். சூடு இன்னும் கூடியது, எண்ணெய் வழிந்து டயரில் பட்டது. நீ இருந்திருந்தால், "வாத்தியாரே, கொறஞ்சாலும் சுடும், கூடினாலும் சுடும்" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியிருப்பாய்.

அதன் பிறகு எனக்கு ஒரே நினைப்புதான். இறக்கத்தில் பல்சக்கரம் இறுகி, சில்லு பூட்டிக்கொண்டால்? பின்னால் பிள்ளை இருக்கிறாள். காலையில் எங்கள் மேட்டுக்கு வரும் ஒரே பஸ், அவள் வகுப்பு தொடங்கிய பிறகுதான் டவுனுக்குப் போய்ச் சேரும், பரீட்சையோ நெருங்குகிறது. வீட்டில் சொன்னால் வண்டியை விற்கச் சொல்வார்கள். சொல்லாமல், தினமும் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பயந்து பயந்து இறங்கினேன்.

கடைசியில் அக்குறணை நஸீர் நானாவின் பட்டறைக்குப் போனேன். உன் வண்டியையும் அவர்தானே பார்த்தார். எண்ணெயை வடித்து, விரலில் தேய்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். பல்சக்கரம் தேய்ந்த இரும்புத் தூள் இல்லை. சில்லை ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. அளவாக எண்ணெய் ஊற்றி, பிரேக்கையும் தளர்த்திவிட்டு, என்னை முன்னால் ஓட்டச் சொல்லித் தன் வண்டியில் பின்தொடர்ந்தார். ஒரு மேடு ஏறி இறங்கித் திரும்பினோம். பெட்டி மறுபடியும் கொதித்தது.

அவர் பின் விளக்கைக் காட்டினார்.

"சேர், வண்டியில கொழப்பம் ஒன்டும் இல்ல. ஏத்தத்திலயும் ஒங்கட பிரேக் லைட் அணையல்ல. நீங்க பிரேக்கில இருந்து காலை எடுக்கிறதே இல்ல."

நான் நம்பவில்லை. விளக்கின் சுவிட்ச் கெட்டிருக்கும் என்றேன். என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். வலது அடியில் மட்டும், பிரேக் மிதி படும் இடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. பிரேக் உரசிய சூடுதான் பக்கத்திலிருந்த பெட்டிக்கு ஏறியிருக்கிறது.

எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். மழையில் எங்கள் மேட்டு இறக்கத்தின் மூன்றாம் வளைவில் நீ சறுக்கி விழுந்து உயிரை விட்டதை, பின்னால் வந்துகொண்டிருந்து பார்த்தவன் நான்தான். அன்றைக்கு மிதித்த பிரேக், மச்சான். இத்தனை மாதமும் நான் அதை விடவே இல்லை. பிள்ளைக்கு ஆபத்து வண்டியில் இருக்கிறது என்று தேடினேன். அது என் காலில் இருந்தது. நஸீர் நானாவின் பட்டறையிலேயே, ஒற்றைச் சப்பாத்தோடு உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இப்போது காலைத் தூக்கிக் கால் தாங்கும் கட்டையில் வைத்துத்தான் ஓட்டுகிறேன். மறந்தால் மகள் முதுகில் தட்டுவாள். பெட்டி கைபொறுக்கும் சூட்டிலேயே இருக்கிறது.

மூன்றாம் வளைவில் மட்டும் கால் தானாகப் பிரேக்கில் இறங்கிவிடும். அங்கே அவளும் தட்டுவதில்லை.