கேட்டுக்கு இந்தப் பக்கம்

அக்கரப்பத்தனை,
1958

அன்புள்ள தோழிக்கு,

காய்ச்சல் என் படிப்பைக் கெடுத்துவிட்டதாக வருந்தி எழுதியிருக்கிறாய். எனக்குக் காய்ச்சல் வரவே இல்லை. அம்மாவுக்குத்தான் வந்தது.

உலகமெல்லாம் பரவிய அந்தக் காய்ச்சல் நம் தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் வந்ததும் கேட்டை மூடினார்கள். ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு என்னால் வர முடியவில்லை. உன் பாடக் கொப்பிகளைக் கேட்டு அனுப்பினேன். தொழிலாளர் லயத்துக்குப் போன கொப்பி திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டார். பழைய பாடங்களையே படித்துக்கொண்டிருந்தேன்.

எஸ்.எஸ்.சி. சோதனையன்று காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் நின்றேன். பெரிய கிளாக்கரான உன் அப்பா தோட்டத்துக் காரை நிறுத்தினார்.

"லயத்துப் புள்ளைங்க வெளிய போகக்கூடாது. டவுனுக்குக் காய்ச்சல் பரவிரும். தொரை உத்தரவு."

"ஐயா, இன்னைக்குச் சோதனைங்க. என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க" என்று கெஞ்சினேன்.

பின் சீட்டில் நீ இருமிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு கண்ணாடியை ஏற்றினாய்.

மறுநாள் அவரே ஆள் அனுப்பினார். கொழுந்து பறிக்க ஆள் போதவில்லையாம். அம்மாவின் கூடையை மாட்டிக்கொண்டு, இருமுகிற பெண்களுக்கு நடுவே நின்று பறித்தேன். மலையில் காய்ச்சல் பரவாது போலிருக்கிறது.

கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஆனால் கொழுந்து பறிக்க எனக்குப் பேர் பதிந்தாகிவிட்டது. அம்மாவால் இன்னும் மலை ஏற முடியவில்லை. அடுத்த வருஷம் சோதனை எழுதச் சொல்கிறாய். அன்றைக்கு அந்தக் கூடையை யார் தூக்குவது, நீயா?

நீ பாஸானதை அம்மாவிடம் சொன்னேன். "நல்லா இருக்கட்டும். சந்தோசம்னு எழுது" என்றாள்.

அவள் சொன்னதற்காக எழுதுகிறேன். சந்தோஷம்.

இப்படிக்கு,
வகுப்பில் உன் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவள்