தண்டையல் வீட்டுப் பதக்கம்

நேற்றுக் காலை உமது குளிர்கோட்டின் உள்துணியைப் பிரித்தேன். பூச்சியுருண்டை மணத்தோடு அந்த வெள்ளிப் பதக்கம் என் மடியில் விழுந்தது. நோர்வேயில், இந்த அம்மருட் வீட்டில் அதை எங்கெல்லாம் ஒளித்தீர்! அரிசி வாளி, தையல் மெஷின், கடைசியில் கோட்டு. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி. மறுபக்கம் எகிப்து நாட்டுச் சிங்கச் சிலை. விளிம்பில் முன்பாதி தேய்ந்துபோய், ‘டிண்டல்’ என்ற இங்கிலீஷ் எழுத்துகளும் ஒரு போர்க்கப்பலின் பெயரும் மட்டும் மிஞ்சியிருந்தன.

“அது டிண்டல் எண்ட வெள்ளைக்காரன்ரை சாமான். எங்கடை பூட்டன் திருகோணமலைத் துறைமுகத்திலை வேலை செய்யேக்கை களவெடுத்தவராம்,” என்று கலியாணம் முடித்த புதிதில் சொன்னீர். உமது அப்பா சொல்லிவைத்தது அது. “ராணிக் கிழவி கேட்டு வரமாட்டா,” என்று நான் பகிடி விட்டால் உமது முகம் கறுத்துவிடும். ஆஸ்பத்திரியில் கடைசி நாளிலும் என் கையை இறுக்கிப் பிடித்தீர். “டிண்டலின்ரை சந்ததியிட்டைக் குடுத்திடுங்கோ. கள்ளப் பரம்பரை எண்ட பேர் பிள்ளைக்கு வேண்டாம்.” ஓம் என்றேன்.

அந்த டிண்டல் யாரென்று அறிய இன்று மகளோடு நகரத்துக்குப் போனேன். பழைய படைப் பதக்கங்களைப் பார்த்துச் சொல்லும் நோர்வேக்காரர் ஒருவர் அங்கே கடை வைத்திருக்கிறார். பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “இது உங்களிடம் எப்படி வந்தது?” என்றார்.

பொலிஸைக் கூப்பிடப்போகிறார் என்றே நினைத்தேன். எழும்பி ஓடலாமா என்றுகூட இருந்தது. “ரூலி, அப்பா, ரூலி,” என்றாள் மகள். அமைதியாம்! அவளுக்கென்ன தெரியும்? பொய்யும் வாயில் வரவில்லை. “மனைவியின் பூட்டன் எடுத்தது. டிண்டல் என்ற ஆளுடையது,” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “டிண்டல் ஆளின் பெயரில்லை, பதவி. கீழைத் துறைமுகங்களில் கப்பலில் சேர்த்த உள்ளூர் மாலுமிகளின் தலைவன். வெள்ளையருக்கு அந்தப் பதவி கிடையாது.” விளக்கைச் சரித்துப் பிடித்தார். தேய்ந்த இடத்தில் நிழல்போல எழுத்துகள் எழும்பின. மகள் கூட்டி வாசித்தாள்: “சா... மி... அப்பா, பூட்டன்ரை பேர் சாமித்தம்பி எண்டெல்லோ அம்மா சொல்லுறவ?”

டிண்டல். தண்டல். தண்டையல்!

ஐயோ, உம்மைப் பெண் பார்க்க வந்த அன்று சந்தியில் வழி கேட்டபோது என்ன சொன்னார்கள்? “தண்டையல் வீடோ? நேரை போங்கோ.” தோணிக்காரரின் தலைவனைத் தண்டையல் என்பது எங்களுக்குத் தெரியாததா? இங்கிலீஷ் எழுத்தில் கண்டதும் வெள்ளைக்காரனாக்கிவிட்டோம். துடுப்புப் பிடித்த மனிதன் போர்க்கப்பலேறி, மாலுமிகளை நடத்தி, எகிப்துச் சண்டைவரை போய் வாங்கிய பதக்கம். அதையா அரிசிக்குள் புதைத்தீர்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ரயிலில் என் கை இன்னும் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டே வந்தது. உம்மிடமிருந்து தொற்றிய பயம் இலகுவில் விடாது போலிருக்கிறது. ஆனால் பைக்குள் ஒன்றும் இல்லை. அந்தக் கடை வாசலிலேயே பதக்கத்தை மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன்.

நீர் சொன்னபடி செய்துவிட்டேன். டிண்டலின் சந்ததியிடம் கொடுத்தாயிற்று.