ஜன்னலோரத்து இடம்

அண்ணி,

வீட்டைச் சுத்தம் செய்யும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வெறியேறி, ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்த எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கிவிட்டேன். இன்று புதன். வேலை பாதிகூட முடியவில்லை, ஆசை மட்டும் முடிந்துவிட்டது. குவியலில் அம்மாவின் பெயர் வெட்டிய பெரிய எவர்சில்வர் தூக்கு தட்டுப்பட்டது. அதற்கு மேல் கை ஓடவில்லை. படிக்க நீங்கள் இல்லை என்று தெரிந்தும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம், மந்தவெளி வீடு. அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். உங்கள் தையல் மெஷின் சைதாப்பேட்டையில் உங்கள் அம்மா வீட்டிலேயே கிடந்தது. எங்கள் வீட்டில் வெளிச்சம் விழுவது பின்னறை ஜன்னலோரம் மட்டும்தான். அங்கே ஆளுயரத்துக்குப் பழந்துணி மூட்டைகள். இடம் பண்ணிக்கொண்டு மெஷினை எடுத்து வரச் சொல்லியிருந்தாள் அம்மா. ரவிக்கை தைத்து உங்கள் பெயரில் நாலு பேர் வாசலுக்கு வரவேண்டும் என்பது ஒன்றுதான் நீங்கள் வாய்விட்டுச் சொன்ன ஆசை.

போகியன்று மூட்டைகளைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டோம். வீட்டில் எல்லோருக்கும் உற்சாகம். எனக்கு ரொம்பவே அதிகம். என் அபிமான நடிகரின் படங்களைத் தவிர எதை வேண்டுமானாலும் எரிக்கலாம் என்று அறிவித்தேன். மத்தியானம் சாப்பிட்டதும் அவரவர் ஒரு மூலையில் சாய்ந்தோம். சாயங்காலம் மூட்டைகள் பழைய இடத்துக்கே போய்விட்டன.

பொங்கல் முடிந்த காலை, நீங்கள் காபி ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டுப் பின்னறைக்குப் போய் ஒரு மூட்டையைப் பிரித்தீர்கள். டிகாக்‌ஷன் இறங்கும்வரைதான் வேலை. இறங்கியதும் போட்டது போட்டபடி வந்துவிடுவீர்கள். தினமும் அப்படித்தான். எனக்கு மனசே வரவில்லை என்றபோது சொன்னீர்கள்: "மனசு மெதுவா வரட்டும், கை முன்னால போகட்டும்."

கழித்த துணியை அம்மா, பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பாத்திரக்காரியிடம் போட்டாள். துணி போன இடத்தில் குடம் வந்து உட்கார்ந்தது. ரூம் காலியாகவில்லை, எவர்சில்வராக மாறுகிறது என்று அண்ணன் சிரிப்பார். நீங்கள் குடத்தைச் சமையலறைக்கு நகர்த்திவிட்டு அடுத்த மூட்டையைப் பிரிப்பீர்கள்.

சித்திரையில் ஜன்னலோரம் தரை தெரிந்தது. மெஷின் வருகிறதென்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தில் ரவிக்கைத் துணியும் அளவு ரவிக்கையும் கொடுத்தார்கள். அத்தனையையும் ஒரு பழைய புடவையில் கட்டி வைத்துவிட்டு, மெஷினை எடுத்துவர அண்ணனோடு சைதாப்பேட்டைக்குப் போனீர்கள்.

அந்த நேரம் பார்த்துப் பாத்திரக்காரி வந்தாள். அம்மா மற்ற துணிகளோடு அந்தப் புடவை மூட்டையையும் எடுத்துப் போட்டாள். பாத்திரக்காரி முடிச்சைத் தளர்த்தி உள்ளே பார்த்தாள். சட்டென்று மறுபடி கட்டினாள். "எல்லாம் இத்துப்போன துணிமா. இன்னா பண்றது, ஒன் மூஞ்சிக்கோசரம் குடுக்கறேன்" என்று இந்தத் தூக்கை எடுத்து வைத்தாள். பேரம் பேசாமலே பெரியது கிடைத்துவிட்டதென்று அம்மாவுக்கும் எனக்கும் பெருமை தாங்கவில்லை.

சைக்கிள் ரிக்‌ஷாவில் மெஷின் வந்து இறங்கியது. நீங்கள் மூட்டையைத் தேடினீர்கள். அம்மா தூக்கைக் காட்டினாள்.

"அது பழசு இல்ல அத்தை. ஊரார் துணி."

புதுத்துணி எடுத்துக் கொடுத்து ஒவ்வொரு வீடாகச் சமாதானம் சொன்னீர்கள். ஆனால் அந்த வீட்டில் துணி கொடுத்தால் பாத்திரமாகிவிடும் என்று தெருவே சிரித்தது. பிறகு யாரும் வரவில்லை. காலையில் டிகாக்‌ஷன் இறங்கும்போது நீங்கள் அடுப்படியிலேயே நின்றீர்கள். ஆடியில் மெஷின்மேல் ஒரு மூட்டை ஏறியது. தீபாவளிக்குள் மெஷின் இருப்பதே தெரியவில்லை.

அண்ணனுக்கு மாற்றலாகி நீங்கள் கிளம்பிய சமயம், தையலை ஏன் அப்படியே விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். உங்கள் குரலில் கோபமே இல்லை.

"எடம் பண்றது என் கையில இருந்துச்சு. துணி யாராவது குடுக்கணும்ல?"

ஆர்வம் ஏன் வடிகிறது என்று இந்த வீடியோக்காரர்கள் எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். எனக்கு உங்கள் கேள்வி மட்டும்தான் கேட்கிறது. அந்தத் தீபாவளிக்கு எனக்கும் ஊதாப்பூ போட்ட ரவிக்கைத் துணி ஒன்று எடுத்திருந்தார்கள். அதைத் தைக்கக் கொடுக்க, நீங்கள் நின்றிருந்த அடுப்படியைத் தாண்டி, பாண்டி பஜார் தையல்கடைக்குப் பஸ் ஏறினேன்.